பூண்டு கருகும்போது

காய்ச்சல் விட்டுச் சரியாகப் பதினோரு நாள் ஆகிறது. நாளைக் காலை அவள் தேயிலைக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். கொதிநீரில் ஊறிய தூளை முகர்ந்தே தரம் பிரிப்பது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் ‘மூக்கு’. இப்போது அடுப்பின் முன் நிற்கிறாள். காம்பு கிள்ளிய பீன்ஸை ஈரம் போகத் துடைத்து, அகலமான வாணலியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புகிறாள். எண்ணெய் சடசடக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பச்சை ஒரு நிமிடம் பளிச்சென்று கூடி, பிறகு தோல் சுருங்கி, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுகிறது. நசுக்கிய பூண்டைத் தூவிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் அடுப்படியில் கடிகாரம் பார்த்தவளில்லை. சடசடப்பு அடங்கினால் புரட்டலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன அக்கா பாதிப் படியிலிருந்தே கத்துகிறாள்.

“ஏய், என்னடி கருகுது? மாடி வரைக்கும் வருது!”

அவள் சட்டென்று அடுப்பை அணைத்துப் புரட்டுகிறாள். பீன்ஸுக்கு அடியில் சிக்கிய பூண்டெல்லாம் கன்னங்கரேலென்று கிடக்கிறது. அக்கா துணிக் குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“பெரிய மூக்கு! பக்கத்து வீட்டுல என்ன சமையல்னு இங்கேருந்தே சொல்லுவ. உன் சட்டி கருகுறது தெரியலையாக்கும்?”

அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள்.

“தெரியலக்கா. காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல.”