ஏரிக்கரைப் பொருத்தம்

"இன்னொரு தடவை சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. முன்னப் பின்ன பாத்ததே இல்ல. சரியா?"

போனில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரி கிசுகிசுத்தாள்.

"எனக்கு நடிக்க வராதுங்க," என்றான் மெக்கானிக். வண்டியை ஏரிக்கரை மரத்தடியில் நிறுத்தியிருந்தான். மகள் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள் பேசி முடித்தாக வேண்டும்.

"நடிக்க வேணாம், சும்மா இருந்தா போதும். பசங்க தானா பழகட்டும். பழகினா மேல பேசுவோம். இல்லன்னா..."

"இல்லன்னா இல்ல. அதுதானே பேச்சு," என்று வைத்துவிட்டான்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். மனைவி இறந்து ஐந்து வருடம். எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனவன், ஃப்ரேம் காதை அழுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று ஒரே மாதத்தில் நான்கு தடவை போய் நின்றான். ஐந்தாம் தடவை கடைக்காரியே, "ஃப்ரேம்ல ஒரு கோளாறும் இல்ல, வாங்க, டீ சாப்பிடலாம்," என்றாள். விவாகரத்தாகி, பத்து வயது மகனோடு தனியாக இருப்பவள். இருவருக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பிள்ளைகளுக்கு ஒத்துப்போக வேண்டுமே.

அதற்குத் தோதாக வந்தது, குடியிருப்போர் சங்கம் நடத்திய குழந்தைகள் மீன்பிடி நாள். பிடித்த மீனை அளந்து பார்த்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். நடுநடுவே கயிறு ஏறுதல், சாக்கு ஓட்டம். கடைக்காரி சங்கத்து ஆளிடம் சொல்லி அடுத்தடுத்த இடமாக வாங்கியிருந்தாள்.

தூண்டிலைப் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பா, இந்தப் பையன் என் தூண்டில் நரம்பச் சிக்கலாக்கிட்டான்."

"நீதான் என் பக்கமா வீசின," என்றான் பையன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

மெக்கானிக் எழுந்து போனான். இரண்டு தூண்டில் நரம்பும் குருவிக்கூடு மாதிரி பின்னிக் கிடந்தன. மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார் தப்புங்கறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல அவுப்போம். தம்பி, நீ இந்த நுனியப் பிடி. நீ அதப் பிடிம்மா."

அவிழ்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. மூவரும் உட்கார்ந்த இடத்தில் புல்லே படுத்துவிட்டது.

அடுத்தது புழு டப்பா. மகளின் கை தட்டி, அத்தனை மண்புழுவும் கடைக்காரியின் திறந்திருந்த கைப்பைக்குள் விழுந்தன. புழு என்றாலே நாலடி தள்ளி நிற்பவள் அவள். முகம் வெளுத்துப்போயிற்று.

"சாரி ஆன்ட்டி. தெரியாம பட்டுடுச்சு."

கடைக்காரி பையை விட்டு இரண்டடி பின்வாங்கினாள். "பரவால்லம்மா. பைதானே, கழுவிக்கலாம். நீ மட்டும் இதுங்கள எடுத்து வெளிய போட்டுடறியா? எனக்குத் தொடவே பயமா இருக்கு."

மெக்கானிக் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் பயத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, பையன் மெக்கானிக்கின் மடக்கு நாற்காலியில் தொப்பென்று உட்கார, அதன் கால் கழன்று போயிற்று. "அடி எதுவும் படலயேப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மெக்கானிக் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

சாக்கு ஓட்டத்தில் பிள்ளைகள் இரண்டும் ஒன்றாக எல்லைக் கோட்டில் விழுந்தன. நான்தான் முதல், இல்லை நான்தான் என்று மல்லுக்கு நின்றன.

"பையன்தான் ஒரு சாண் முன்னாடி," என்றான் மெக்கானிக்.

"இல்லைங்க, உங்க பொண்ணுதான் முன்னாடி," என்றாள் கடைக்காரி.

அதிலும் சமாதானம் ஆகவில்லை. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தன.

மாலையில் தண்ணீர்க் குழாயடியில் கைப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவள், அவன் பக்கத்தில் வந்ததும் குரலைத் தணித்தாள்.

"பாத்தீங்கள்ல? கீரியும் பாம்புமா நிக்குதுங்க. ஒரு நாளே தாங்கலயே, ஒரே வீட்ல எப்படிங்க?"

"என் பொண்ணு இப்படிக் கிடையாதுங்க. இன்னைக்கு என்னமோ..."

"என் பையனும்தான். எறும்பக்கூட மிதிக்க மாட்டான்."

அவள் பையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

"அப்ப, அவ்வளவுதானா?" என்றாள்.

அவன் ஏரிப் பக்கம் பார்த்தான். "பசங்க மனசுக்கு மாறா எதுவும் வேணாம்னு நாமதானே முடிவு பண்ணோம்."

"ம்." குழாயை மூடினாள். மூடிய பிறகும் நகராமல் நின்றாள்.

கூட்டம் கலைந்தது. மெக்கானிக் உடைந்த நாற்காலியை வண்டியின் பின்னால் கட்டினான். எதிரே மகனோடு நின்றவளைப் பார்த்து, முன்பின் தெரியாதவனைப் போலவே, "வர்றேங்க," என்று தலையசைத்தான். அவளும் அசைத்தாள். நடிக்க வராது என்றவனுக்கு இப்போது நன்றாகவே வந்தது.

"டேய், சொல்லிடலாமா?" என்று மகள் பையனைக் கேட்டாள்.

"சொல்லிடு. பாவமா இருக்கு."

"என்னம்மா சொல்லணும்?"

"போன மாசம், உங்க போன்ல தினம் வர்ற நம்பருக்கு நான் கூப்பிட்டுப் பாத்தேம்ப்பா. இவன்தான் அவங்கம்மா போன எடுத்தான். அன்னையிலேர்ந்து நாங்க ஃப்ரெண்ட்ஸ்."

பையன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தான்.

"நரம்புச் சிக்கல், புழு டப்பா, நாற்காலி, சாக்கு ஓட்டம். நாங்க வச்ச நாலு பரீட்சையிலயும் நீங்க ரெண்டு பேரும் பாஸ், அங்கிள். கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?"