ஒட்டடைக் கம்பும் நாற்பது வாட்ஸும்

“ஹெட்போன் மாட்டற ஓட்டை இருக்கா?”

கடைக்குள் கால் வைத்ததும் லிஃப்ட் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இதுதான். விற்பனையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேஸ் கிட்டாரும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியும் வாங்க வருகிறவர்கள் எவ்வளவு சத்தம் வரும் என்றுதான் கேட்பார்கள். சத்தம் வெளியே வரக்கூடாது என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

“எங்க கீழ்வீட்டுல ஒரு ஒட்டடைக் கம்பு இருக்கு,” என்றார் கூட வந்த மெக்கானிக்கின் மனைவி.

விஷயம் இதுதான். மெக்கானிக்கின் கம்பெனியில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். ஆண்டு விழாவில் மேடையேறுவதாகத் திட்டம். நாற்பத்தெட்டு வயதில் கிட்டாரைத் தொட்ட மெக்கானிக், இரவல் கிட்டாரும் இரவல் ஆம்ப்புமாக மூன்று மாதம் வீட்டில் பழகினார்.

சாயங்காலம் அவர் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து ஒட்டடைக் கம்பின் தட்டல் வந்துவிடும். டக், டக், டக், டக்.

கீழே தனியாக இருந்தவர் ரிடையரான பி.டி. டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோது விசிலை விட்டுவிட்டு வந்தாரே தவிர அதிகாரத்தை விடவில்லை என்பது மெக்கானிக்கின் கருத்து. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் மெக்கானிக்கின் கை தானாகச் சூடுபிடித்துப் பறக்கும். சரியாக அங்கேதான் தட்டல் ஓங்கி விழும். அவரும் பயந்து அடக்கி வாசிப்பார்.

“நான் நல்லா வாசிக்கிற இடத்துலதான் அந்தம்மாவுக்கு வயிறு எரியுது,” என்று மனைவியிடம் புலம்புவார்.

இப்போது இரவல் கொடுத்தவர் திருப்பிக் கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கடை.

விற்பனையாளர் நல்ல மனுஷர். இருக்கிற பணத்துக்குக் கிட்டாரில் மிச்சம் பிடியுங்கள், ஆம்ப்பில் பிடிக்காதீர்கள் என்று சொல்லி, முதுகெல்லாம் பெல்ட் கீறல் விழுந்த ஒரு பழைய கிட்டாரை எடுத்து வந்தார். அதை நாற்பது வாட்ஸ் பழைய ஆம்ப் ஒன்றில் மாட்டிக் கொடுத்தார். மெக்கானிக் ஒரே ஒரு கம்பியை மீட்டினார். அதிர்வு தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த ஆம்ப்பில் ஹெட்போன் ஓட்டை இல்லை.

“ஏங்க, தினம் தினம் கீழேருந்து தட்டு வாங்க நம்மால முடியாது,” என்றார் மனைவி. அதே விலையில், ஹெட்போன் மாட்டக்கூடிய பதினைந்து வாட்ஸ் ஆம்ப் வீட்டுக்கு வந்தது.

இரண்டு வாரம் பரம நிம்மதி. மெக்கானிக் காதில் ஹெட்போனோடு தலையாட்டினார். கீழே சத்தமே இல்லை.

அடுத்த ஒத்திகையில் வந்தது வினை. குழுவை நடத்துபவர் ஸ்டோர் கீப்பர், டிரம்ஸ் வாசிப்பவரும் அவர்தான். பாதிப் பாட்டில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

“போன மாசம் வரைக்கும் சரியா நின்னீங்க. இப்ப எங்களை விட்டுட்டு எங்க ஓடறீங்க?”

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பேஸ் பகுதியைக் கீபோர்டிலேயே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். மேடை கைவிட்டுப் போகப் போகிறது. மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் இந்த ஹெட்போனால் வந்தது என்று முடிவு கட்டினார். நேராகக் கடைக்குப் போனார். நாற்பது வாட்ஸ் இன்னும் விலை போகாமல் அங்கேயே இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஆம்ப்பை மாற்றிக்கொண்டு வந்தார்.

“இனிமே ஒட்டடைக் கம்பு இல்ல, உலக்கையே வந்தாலும் நிறுத்த மாட்டேன்,” என்று மனைவியிடம் அறிவித்தார்.

அன்றைக்கே தட்டல் ஆரம்பித்துவிட்டது. இவரும் விடவில்லை. விலகினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்ற வீம்பில், கீழிருந்து வந்த ஒவ்வொரு தட்டுக்கும் பதிலுக்குப் பதில் கம்பியில் ஒரு அடி கொடுத்தார். ஆறு நாள் இந்தச் சண்டை நடந்தது. மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காய் நறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பாட்டு முடிந்ததும் ஸ்டோர் கீப்பர் எழுந்து வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆணி அடித்த மாதிரி நிற்கிறீர்கள், மேடையில் உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்றார். மற்ற இரண்டு பேரும் அவரைத் தூக்காத குறை.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. கீழ்வீட்டுக்காரம்மாவுக்குக் காட்ட வேண்டாமா? சத்தத்தைக் கூட்டி வைத்து அதே பாட்டை எடுத்தார். அந்தச் சூடான இடம் வந்தது. தட்டல் இல்லை. பாட்டே முடிந்தது. ஒரு தட்டுக்கூட இல்லை.

எதிராளி வராத சண்டை மாதிரி சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் பகீரென்றது. தனியாக இருக்கிற மனுஷியாயிற்றே.

தோளில் மாட்டிய கிட்டாரோடு கீழே ஓடிக் கதவைத் தட்டினார். டீச்சரே வந்து திறந்தார். கையில் ஒட்டடைக் கம்பு இருந்தது. பின்னால் கூடத்து மூலையில், அணிவகுப்புக்கு அடிக்கும் பெரிய டிரம் ஒன்று பள்ளிக்கூடத்தின் பெயரோடு உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டீச்சரம்மா? இன்னைக்கு நீங்க தட்டவே இல்லையே?”

டீச்சர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“இன்னைக்குத்தான் தம்பி நீங்க தாளத்தை விட்டு ஓடவே இல்லையே. அப்புறம் எதுக்குத் தட்டணும்?”