மே மாதத்துப் பன்றி வேட்டை

'பன்றி வேட்டை நடக்கிறது. துப்பாக்கிச் சூடு. உள்ளே வராதீர்கள்.'

பாதையின் குறுக்கே கட்டிய கயிற்றில் அந்தச் சிவப்புப் பலகை தொங்கியது. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொட்டிக்கு நடுவே ஆம்லெட்டை வைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார் எலாதியோ. ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவர்.

அமாயா சைக்கிளை நிறுத்தினாள். பின்னாலேயே அவள் கணவன் நெஸ்தோரும். ஸ்பெயினின் சரகோசா நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். தடித்த டயர், கைப்பிடியில் பை, முழங்கால் வரை சரளைப் புழுதி.

"வேட்டை எப்ப முடியும்?" அமாயா கேட்டாள்.

"சாயங்காலம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் உண்டு."

"மே மாசத்துல ஏதுங்க பன்றி வேட்டை? சீசன்தான் பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சே."

"பன்றிக்கு அது தெரியலையே."

நெஸ்தோர் சிரித்துவிட்டான். அமாயா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவள் வக்கீல். அவளுக்குத்தான் விடுமுறையே தவிர, சட்டத்துக்கு இல்லை.

"இது மந்தைப் பாதை. நூத்துக்கணக்கான வருஷமா ஆடு போற பொதுவழி. இதுல கயிறு கட்ட உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

"ஆடு வந்தா அவிழ்த்து விடறேன்."

"அப்ப நாங்க?"

"ரோடு வழியா சுத்திப் போங்க. பதினாலு கிலோமீட்டர்தான்."

"லாரி போற ரோட்டுலயா?"

நெஸ்தோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளத்தாக்கு வழியே போனால் ஆறு கிலோமீட்டரில் கோட்டை ஊர். அங்கே விடுதியில் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்த வறுத்த ஆட்டுக்குட்டி காத்திருந்தது. "மூணரைக்குச் சமையல்கட்டை மூடிடுவாங்க, அமாயா," என்றான் பரிதாபமாக.

அவள் காதில் வாங்கவில்லை. "ஒரு வெடிச் சத்தம் இல்ல. ஒரு நாய் குரைக்கல. இது என்ன வேட்டை?"

"எல்லாரும் பதுங்கியிருக்காங்க."

"இருக்கட்டும். வனக்காவலரைக் கூப்பிடறேன். அப்பவும் பதுங்கியிருக்காங்களான்னு பாக்கலாம்."

"கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு எலாதியோ ரொட்டியின் அடுத்த பாதியை எடுத்தார்.

அந்த அலட்சியம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஸ்தோர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் போனை எடுத்தாள்.

அரை மணியில் ஜீப் வந்தது. வனக்காவலர் நியெவெஸ் இறங்கினாள். எலாதியோவின் ஊர்க்காரி என்பது அவரைப் பார்த்து அவள் தலையசைத்த விதத்திலேயே தெரிந்தது. அமாயா விடவில்லை.

"சீசன் இல்லாத காலத்துல வேட்டை. பொதுவழியில மறிப்பு. ரெண்டையும் எழுதிக்குங்க. தெரிஞ்சவர்னு விட்டுடாதீங்க."

நியெவெஸ் எலாதியோவைப் பார்த்தாள். "பலகை உங்களுதா?"

"என்னுதுதான்."

"வேற ஏதாவது சொல்லணுமா, எலாதியோ?"

"ஒண்ணுமில்ல. எழுதும்மா."

"ரெண்டு வருஷம் வேட்டை லைசென்ஸ் போயிடும். தெரியுமில்ல?"

மென்றுகொண்டிருந்த வாய் ஒரு நொடி நின்றது. பதினாறு வயதிலிருந்து ஒரு சீசன்கூடத் தவறவிடாத மனிதர். அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டில் அவரைப் பிடிக்கவே முடியாது என்பாள் அவர் மனைவி.

"தெரியும்," என்றார்.

நியெவெஸ் எழுதினாள். அமாயா வரிக்கு வரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"இப்ப இந்தக் கயிறை அவிழ்க்கச் சொல்லுங்க."

"உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பாக்காம யாரையும் விட முடியாதுங்க. குண்டு பட்டா நான்தான் பதில் சொல்லணும். நீங்க ரோடு வழியாவே போயிடுங்க."

ஆட்டுக்குட்டி போனது போனதுதான். ஆனால் அமாயாவுக்கு இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு அநியாயத்தைத் தட்டிக்கேட்ட திருப்தியோடு சைக்கிளில் ஏறினாள்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் காட்டுல ஒரு பறவை மிஞ்ச மாட்டேங்குது," என்று எலாதியோவின் காதில் விழும்படி கணவனிடம் சொன்னாள். இரண்டு பேரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

நியெவெஸ் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "கிழிச்சுப் போட்டுடவா?"

"வேண்டாம். அந்தம்மா நகல் வாங்கிட்டுப் போறா, பாத்தியா? என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதுவா. உன் வேலைக்கு உலை வெச்சுக்காத."

"அதுக்காக ரெண்டு சீசன் வீட்டுல உக்காந்திருப்பீங்களா?"

"உக்காந்துதான் பாக்கலாமே. குஞ்சுக எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

நியெவெஸ் ஜீப்பிலிருந்து தொலைநோக்கியை எடுத்துப் பள்ளத்தாக்கின் மேலே செங்குத்துப் பாறையைப் பார்த்தாள். பாறை இடுக்கில் சுள்ளிக் கூடு. விளிம்பில் தாய்க் கழுகு. அதன் காலடியில் இரண்டு வெள்ளைத் தலைகள்.

"ரெண்டும் நல்லாயிருக்கு. பறக்க இன்னும் இருபது நாள் ஆகும்."

"அதுவரைக்கும் இந்தக் கயிறு இருக்கட்டும்."

அவளுக்கு மனசு ஆறவில்லை. "அந்தப் பொண்ணுக்குப் பறவைங்க மேல அவ்வளவு பிரியம். கூடு இருக்குன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, அவளே திரும்பிப் போயிருப்பா. உங்க லைசென்ஸும் தப்பிச்சிருக்கும்."

எலாதியோ மடியிலிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"போன வருஷம் உண்மையைத்தானே எழுதி வெச்சோம்? 'கழுகுக் கூடு, அமைதி காக்கவும்'னு. எட்டே நாள்ல முன்னூறு பேர் கேமராவோட வந்து நின்னாங்க. கழுகு மிரண்டு பறந்துபோய், முட்டை ஆறிப்போச்சு. வந்த அத்தனை பேரும் பறவைங்க மேல பிரியம் உள்ளவங்கதான், நியெவெஸ்."