கவிழ்த்துப் போட்ட தொட்டி

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கல்யாணமான புதிதில் சபாபதி கேட்டபோதும் செண்பகம் சிரித்துத்தான் வைத்தாள்.

இன்று, கால் விளங்காத மகளை வெந்நீரில் உட்காரவைக்க வாங்கிய குளியல் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுவர்க்குழாயை ஒட்டிய விளிம்பில், குழாய் நுழைய ஓட்டை போடவேண்டிய இடத்தைச் சபாபதி பென்சிலால் குறித்தான். நிமிர்த்தினால் அந்த விளிம்பு எதிர்ப்பக்கம் போய்விடுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுக்குப் போயி பிளம்பரா? நல்லாப் புடி. சரியா இருக்குல்ல?"

தலையாட்டினாள். டிரில் இறங்கியது.

நிமிர்த்தினார்கள். குழாய் சுவரில் இருந்தது, ஓட்டை வாசல் பக்கம் இருந்தது. அதிலிருந்து ஒரு விரிசல் அடிவரை ஓடியிருந்தது.

"அம்மா, தண்ணி ரொப்பியாச்சா?" என்றாள் உள்ளறையில் மகள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான் சபாபதி.

அதற்கும் தலையாட்டினாள்.

டிரில்லை அவள் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போனான்.