இரண்டு ஆள் வேலை

கனடாவின் அஜக்ஸ் நகரில், இரத்தினவேலின் கராஜுக்குள் ஒரு சின்ன விமானம் வருடக்கணக்காக ஒற்றைச் சிறகோடு நிற்கிறது. வடக்கே காட்டு ஏரிக்கரைகளில் இறங்கக்கூடிய வகை. முழுக்க அவர் கையாலேயே கட்டுகிறார்.

சனிக்கிழமை வழக்கம்போல பிறம்ரன் நகரிலிருந்து மகன் துஷாந்த் வந்தான்.

“போன கிழமை அடிச்ச ரிவெட் ஆணியும் பிழைச்சிட்டுதோ, அப்பா?”

“ஓம் தம்பி. எல்லாம் வளைஞ்சுபோச்சு. துளைச்சுக் கழட்டிப்போட்டன்.”

தகட்டுக்கு வெளியே ஒருவர் ரிவெட்டை அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையால் முண்டுகொடுக்க வேண்டும். மனைவி காலமானபிறகு அந்தக் கட்டையைப் பிடிக்க துஷாந்த்தை விட்டால் ஆளில்லை.

இன்று அவன் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்தான்.

“இது வேற மாதிரி ரிவெட், அப்பா. வெளியில நிண்டே இழுத்து இறுக்கலாம், ஒராள் காணும். விசாரிச்சனான், உங்கட பிளேனுக்கும் சரியாம்.”

“அப்ப நீ?”

“இனி நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. இந்தக் கோடைக்கே பறக்கலாம்.”

“நல்லது, ராசா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.”

“இன்னொரு நாளைக்கு, அப்பா.”

கார் தெருமுனையில் திரும்பும்வரை இரத்தினவேல் வாசலில் நின்றார்.

பிறகு கராஜுக்குள் வந்து, சனிக்கிழமைகளில் மகனோடு சேர்ந்து அடித்த நல்ல ரிவெட்டுகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானே துளைத்துக் கழற்றிவந்த டிறில்லை எடுத்து, துடைத்து, அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார்.