கறை மறைக்கும் வண்ணம்

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இது சந்தனம், அது கோதுமை. கல்யாண வீட்டுக்கு எது அடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றான் வண்ணம் அடிக்க வந்த எத்திராஜ்.

கன்னியம்மாள் கூடத்துச் சுவரையே பார்த்தாள். வீட்டுக்காரர் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலையளவுக்கு எண்ணெய்க் கறை.

"இந்தக் கறை மேல ரெண்டையும் பாதி பாதி அடி. மூணு நாள் காயட்டும். அப்பால சொல்றேன்."

இந்த அம்மாளுக்கு இத்தனை நுணுக்கமா என்று சலித்துக்கொண்டே அடித்துவிட்டுப் போனான்.

நான்காம் நாள் வந்தபோது, "மூணு நாளா அம்மா இங்கயே நின்னுகினு இருக்குது" என்றாள் கல்யாணப்பெண் தாட்சாயணி.

சந்தனம் பளிச்சென்று இருந்தது. கோதுமைக்குள்ளிருந்து கறை மெல்ல மேலே வந்திருந்தது.

"சந்தனம்தாம்மா கெட்டி. கறை தெரியவே இல்ல பாரு. அதயே அடிச்சிடறேன்."

"வாணாம். கோதுமையே அடி."

"கறை மேல வருதேம்மா!"

"வரட்டும்பா." கன்னியம்மாள் அந்தக் கறையை விரலால் தொட்டாள். "நகரி ஊர மெட்ராஸோட சேக்கணும்னு எல்லைப் போராட்டக் கூட்டத்துக்குப் போன மனுசன் நாலு வருசமா வர்ல. இதாச்சும் வருதே."