புதுத் திரை

இவ்வளவு அழகாக நெய்துவிட்டால் மறுக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவள் விரல்நுனியால் பட்டைத் தொட்டுப் பார்த்தாள். மயில்கழுத்து நிறம். ஓரமெங்கும் சரிகை அன்னங்கள். ஒவ்வொன்றும் தலைகுனிந்திருந்தது.

பழைய திரை சிவப்பு. அரசர் இறந்து அவள் ஆளவந்த நாளில் கட்டியது. அந்தக் குலத்தில் பெண்குரல் சபையில் நேராக விழக்கூடாது. அவள் உள்ளிருந்து சொல்வாள். அவள் கணவனின் சித்தப்பாதான் பிரதானி. திரையோரம் குனிந்து காது கொடுப்பார். பிறகு நிமிர்ந்து சபைக்குச் சொல்வார்.

சொல்லும்போது கொஞ்சம் மெருகேற்றுவார். அவள் முடியாது என்றால், நாச்சியார் யோசிக்கிறார்கள் என்பார். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பெண் அப்படிச் சொன்னாள் என்று சொல்ல அவருக்குக் கூசும்.

எதிரிப்படை ஆற்றைக் கடந்த அன்றும் அப்படித்தான்.

வடக்கு வாசலை இப்போதே அடைத்துவிடுங்கள் என்றாள்.

வடக்கு வாசலை அடைப்பது பற்றி நாச்சியார் யோசிக்கிறார்கள் என்றார்.

சபையும் யோசித்தது.

உள்ளே உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் குளம்போசை.

எழுந்தது நினைவில்லை. திரை கையோடு கிழிந்து வந்தது நினைவிருக்கிறது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அதே சொல்லை மறுபடி சொன்னாள். இம்முறை அது வாசல்வரை ஓடிற்று.

வாசல் அடைபட்டது.

வெளியே காவல் நின்றவர்கள் உள்ளே வர நேரமிருக்கவில்லை.

முற்றுகை முடியும்வரை அந்தச் சிவப்புப் பட்டு காயங்களுக்குக் கட்டுத்துணியாயிற்று.

இப்போது ஜெயித்தாயிற்று. சபை நிரம்பியிருக்கிறது. பிரதானி புதுத்திரையின் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார்.

"அப்ப ஆபத்துக் காலம், நாச்சியார். ஊரும் பொறுத்துக்கிட்டுது. இனி பழையபடி இருக்கிறதுதான் நமக்கு மரியாத. கட்டச் சொல்லட்டுங்களா?"

பின்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஈட்டிக்காரன் சங்கிலி தொண்டையைச் செருமினான்.

"பழைய தெரையே இருக்குங்க பிரதானியாரே. என் தொடையிலதான் சுத்தியிருக்கு. அவுத்துத் தரட்டா?"

சபை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அவர்மேல் கோபம் வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வரவில்லை.

வாசலுக்கு வெளியே நின்றவர்களில் அவருடைய மகனும் ஒருவன்.

அவன் எதனால் செத்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கயிற்றை இப்படிப் பிடித்திருக்கிறார். வழக்கம் தப்பு என்று ஆகிவிட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

அதற்காக நான் உள்ளே போய் உட்கார முடியுமா?

அவள் பேச வாயெடுத்தாள். பழக்கத்தில் அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

அந்தக் காதையே சிறிதுநேரம் பார்த்தாள். நரைத்த மயிர். தேய்ந்த கடுக்கன். அவள் சொல்லப்போவதை வாங்கிக்கொள்ள இப்போதும் ஆயத்தமாக இருந்தது.

அவர் கையிலிருந்த கயிற்றை மெல்ல விடுவித்துத் தரையில் வைத்தாள்.

"சின்ன மாமா, நீங்க அங்க எதிர போய் எல்லாரோடயும் உக்காருங்க."

குரலை உயர்த்தவில்லை. சங்கிலி நிமிர்ந்து பார்த்தான்.

"அங்கயும் கேக்கும்."